விளக்கு யாருக்கு, கடிகாரம் யாருக்கு?

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் துணைப்பாடம் நடத்திச் சேர்த்த பணத்தில் 279 வெள்ளிக்கு ஒரு திறன்கடிகாரம் வாங்கினேன். அதே வாரம் இணையத்தில் 18 வெள்ளிக்கு ஒரு சைக்கிள் விளக்கும் வாங்கினேன். கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் காணொளிகள் பார்த்தேன். விளக்குக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ‘1,000 லூமன்’ என்று போட்டிருந்தது. எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஓர் இரவு, ஈசூன் பூங்கா இணைப்புப் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே நடந்து வந்த முதியவர் ஒருவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். எனக்கு வழிவிட நினைத்து ஓரமாக ஒதுங்கியவர், பாதையின் விளிம்பு தெரியாமல் புல்லில் கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். நான் மெதுவாகத்தான் போனேன். அவர்மீது மோதவும் இல்லை. ஆனாலும் அவர் விழுந்ததற்கு நான்தான் காரணம். முழங்கையில் சிராய்ப்பு. கைத்தாங்கலாக எழுப்பி, பலமுறை மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் விளக்கைக் காட்டி, “கேர்ள், இது கார் இல்லை” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தப் பயணத்தைப் பற்றிக் கடிகாரம் பதினேழு வகையான தகவல்களைச் சேர்த்து வைத்திருந்தது. சராசரி இதயத்துடிப்பு, எரித்த கலோரி, அடுத்த பயிற்சிக்கு முன் எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதுவரை இருந்தது. அந்த முதியவரைப் பற்றி மட்டும் அதில் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து இந்த இரண்டு கருவிகளையும் பற்றிக் கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் சோதித்தும் பார்த்தேன். சைக்கிள் வாங்கும் எண்ணத்தில் இருக்கும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் லூமன். ஒரு விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிவரும் மொத்த ஒளியின் அளவு அது. அந்த ஒளி எங்கே போய் விழுகிறது என்பதை அது சொல்லாது. நான் வாங்கியது கைவிளக்கைப் போன்றது. ஒளி வட்டமாகப் பரவும், பாதி சாலையில் விழும், மீதி எதிரே வருபவர் முகத்தில் விழும். ஜெர்மனியில் சாலை வாகன விதிகள் சைக்கிள் விளக்குகளுக்கும் தரநிலை வகுத்திருக்கின்றன. அங்கே முன்விளக்கின் ஒளி, காரின் தாழ்ஒளியைப் போல மேல்பக்கம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். அதனால் சாலைக்கு ஒளி கிடைக்கும், எதிரே வருபவரின் கண்ணும் தப்பிக்கும். அந்தத் தரநிலைக்கு ஏற்பத் தயாரித்த விளக்குகளின் பெட்டியில் ‘எஸ்டிவிஇசட்ஓ’ என்ற எழுத்துகள் இருக்கும். இங்கேயும் அவற்றை வாங்கலாம். விலை சற்றுக் கூடுதல். ஆனால் நம் பூங்கா இணைப்புப் பாதைகளில் நடப்பவர், ஓடுபவர், பிள்ளைத் தள்ளுவண்டியோடு வருபவர் எல்லாரும் முகத்துக்கு முகம் வருகிறார்கள். அங்கே ஓட்டுபவருக்கு இதைவிடப் பயனுள்ள விளக்கு இல்லை என்பது என் கருத்து.

கையில் இருக்கும் விளக்கையே வைத்துச் சமாளிக்கவும் ஒரு வழி உண்டு. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். சுவரில் விழும் ஒளிவட்டத்தின் நடுப்பகுதி விளக்கு இருக்கும் உயரத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விளக்கைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். எனக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. முன்பே செய்திருந்தால் அந்தப் பெரியவர் விழுந்திருக்க மாட்டார்.

விளக்குகளில் இரண்டு வகை உண்டு என்று புரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும். ஒன்று நாம் பார்ப்பதற்கு, மற்றொன்று நம்மைப் பிறர் பார்ப்பதற்கு. சிங்கப்பூரில் பெரும்பாலான பாதைகளில் தெருவிளக்கு இருக்கிறது. அங்கே நமக்குப் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் தேவை, 100 லூமன் அளவே போதும். ரயில் பசுமைப் பாதையில் விளக்கில்லாத பகுதிகளிலோ மண்டாய் பக்கத்திலோ இருட்டில் ஓட்டுபவர்களுக்குத்தான் 400, 600 என்று போகத் தேவை வரும். அவர்களும் ஆள் எதிரே வரும்போது குறைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் ‘30 மணி நேரம்’ என்று அச்சிட்டிருந்தால் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். பெரும்பாலும் அது மிகக் குறைந்த ஒளியில் மினுக்கும்போது கிடைக்கும் நேரம். முழு ஒளியில் ஒன்றரை மணி நேரத்தில் அணைந்துவிடலாம். மழைக்கு ‘ஐபிஎக்ஸ்’ எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் நீர் தெறித்தால் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகக்கூடாது. டிசம்பர் மழையில் ஓட்டுபவருக்கு நான்கு என்பது குறைந்தபட்சம். என் 18 வெள்ளி விளக்கில் எந்த எண்ணும் இல்லை. இரண்டாவது மழையில் அது அணைந்தது. எனக்கு வருத்தமும் இல்லை.

சட்டம் சொல்வது எளிது. இரவு 7 மணி முதல் காலை 7 மணிவரை சாலையில் ஓட்டும் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கு வேண்டும், பின்னால் சிவப்பு விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ வேண்டும். பிரதிபலிப்பான் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதற்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் வருபவரின் விளக்கு அதன்மேல் பட்டால்தான் ஒளிரும். பின்னால் வருபவர் விளக்கில்லாத இன்னொரு சைக்கிளோட்டி என்றால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா செனோக்கோவில் ஒரு கிடங்கில் பாதுகாவல் அதிகாரி. காலை 7 மணி முதல் இரவு 7 மணிவரை வேலை, வாரம் ஆறு நாள். ஈசூனிலிருந்து சைக்கிளில்தான் போவார். 25 நிமிடப் பயணம். பேருந்துக்குக் காத்திருப்பதைவிட அதுதான் சுலபம் என்பார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு எழுந்து இரவு 7 மணிக்கு மறைகிறது. அப்படியென்றால் அப்பா ஒரு நாள்கூட வெளிச்சத்தில் சைக்கிள் ஓட்டியதில்லை. போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். பதினொரு வருடமாக இப்படித்தான். கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை எனக்கு இது தோன்றவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவரைக் கீழே அழைத்துப் போனேன். “வழக்கமா வேலைக்குப் போற மாதிரியே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஓட்டுங்கப்பா, நான் பின்னாடி நின்னு பார்க்கிறேன்” என்றேன். “என்னம்மா, லைசென்ஸ் டெஸ்டா?” என்று சிரித்தார். சாப்பாட்டுப் பையைப் பின்னால் கேரியரில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டினார். மழைச்சட்டையை மடித்து அதன்மேல் வைத்தார். விளக்கைப் போட்டார். கிளம்பினார்.

இருபது மீட்டரில் அவர் இருட்டில் கரைந்துவிட்டார். சிவப்பு விளக்கு இருக்கைக்குக் கீழே தண்டில் இருந்தது. எரியவும் செய்தது. ஆனால் சாப்பாட்டுப் பை அதை முழுதாக மறைத்திருந்தது. பையை எடுத்துவிட்டுப் பார்த்தோம். அப்போதும் மங்கலாகத்தான் தெரிந்தது. பொத்தான் பேட்டரி போடும் பழைய விளக்கு அது. ஒரே நாளில் அணைந்து போயிருந்தால் மாற்றியிருப்பார். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் அவருக்குத் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. பின்விளக்கை ஓட்டுபவர் பார்ப்பதே இல்லையே! அதை வேறொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். கேரியரின் பின்முனையில், பைக்கும் பின்னால் பொருத்தும் விளக்குகள் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். 32 வெள்ளி. ஐபிஎக்ஸ்6, கேபிளில் சார்ஜ் செய்யலாம், பேட்டரி குறைந்தால் மேலே சிறு விளக்கு நிறம் மாறும். இந்தக் கடைசி அம்சத்துக்கு மட்டுமே நான் பத்து வெள்ளி கூடுதலாகக் கொடுப்பேன். முன்பக்கத்துக்கு மேல்ஒளி வெட்டப்பட்ட ஒரு சிறிய விளக்கு 45 வெள்ளி.

மினுக்குவதா, நிலையாக எரிவதா என்று கடைக்காரரிடம் கேட்டேன். மினுக்கும் விளக்கு சட்டென்று கவனத்தை இழுக்கும், ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கடினம் என்றார். அப்பாவுக்குப் பின்னால் நிலையாக எரிவதை வைத்தோம். பழைய விளக்குக்குப் புது பேட்டரி போட்டு, அதைத் தலைக்கவசத்தின் பின்னால் மினுக்க விட்டோம். முன்விளக்கைக் குறுகிய பாதையில் மினுக்க விடாதீர்கள். எதிரே வருபவருக்கு அது தொல்லை.

பகலிலும் விளக்கு எரியலாமா என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒடென்சே நகரத்தில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 4,000 சைக்கிளோட்டிகளைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு இரவு பகல் எந்நேரமும் தானே எரியும் விளக்கைப் பொருத்தினார்கள். அவர்களிடையே காயம் ஏற்பட்ட விபத்துகளின் விகிதம் மற்றவர்களைவிட 19 விழுக்காடு குறைவாக இருந்தது. சக்கரத்தில் உள்ள காந்தத்தால் எரியும் விளக்குகள் அவை. சுவிட்ச் போட மறப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இன்னொன்று மிக மலிவானது. கணுக்காலில் கட்டும் ஒளிப் பிரதிபலிப்புப் பட்டை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மேலங்கியோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியவர்களை இரவில் கார் ஓட்டுநர்கள் அதிகம் அடையாளம் கண்டுகொண்டார்கள். காரணம், மேலும் கீழுமாகச் சுற்றும் இரண்டு கால்களைப் பார்த்ததும் ‘அது ஒரு மனிதர்’ என்று மூளை உடனே புரிந்துகொள்கிறது. அசையாத ஒரு புள்ளி எதுவாகவும் இருக்கலாம். பட்டை ஆறு வெள்ளி. அப்பா முதலில் மறுத்தார், “சர்க்கஸ்காரன் மாதிரி இருக்கும்” என்றார். இப்போது கால்சட்டை சங்கிலியில் மாட்டாமல் இருக்க வசதியாக இருக்கிறது என்று கட்டிக்கொள்கிறார். காரணம் எதுவாக இருந்தால் என்ன!

சரி, கடிகாரத்துக்கு வருவோம். 2015ல் தேசிய நடை சவால் தொடங்கியதிலிருந்து நம் வீடுகளில் காலடிகளை எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. எங்கள் பாட்டியே, “இன்னும் எண்ணூறு பாக்கி” என்று தாழ்வாரத்தில் நடப்பார். அப்பாவும் கையில் ஒரு மலிவான பட்டை கட்டியிருந்தார். சென்ற ஆண்டு அவருக்கு நீரிழிவு என்று பலதுறை மருந்தகத்தில் சொன்னார்கள், உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். பட்டையைக் காட்டி, “நான் ஒண்ணுமே செய்யறதில்லை போலிருக்கு, நாலாயிரத்தைத் தாண்ட மாட்டேங்குது” என்று சோர்ந்து போனார்.

கோளாறு அவரிடம் இல்லை. காலடி எண்ணும் கருவி கை ஆடுவதை வைத்துத்தான் எண்ணுகிறது. சைக்கிளில் கை கைப்பிடியில் அசையாமல் இருக்கும். கால் ஆயிரம் முறை சுற்றினாலும் மணிக்கட்டுக்கு அது தெரியாது. சைக்கிள் ஓட்டுபவர்கள் காலடிக் கணக்கை வைத்துத் தங்களை எடைபோடக் கூடாது.

அப்படியானால் அப்பாவுக்கு என் கடிகாரத்தைப் போல ஒன்று வேண்டுமா? பென்சிலும் தாளும் எடுத்து உட்கார்ந்தேன். போக 25 நிமிடம், வர 25 நிமிடம், ஆறு நாள். வாரத்துக்கு 300 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது. மிதமானதா என்று அறிய ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஓட்டும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. “மேம்பாலம் ஏறும்போது பாட முடியுமா?” என்று கேட்டேன். “சமதரையிலேயே எனக்குப் பாட வராதும்மா” என்றார். பிறகு யோசித்து, மூச்சு வாங்கும் என்று ஒப்புக்கொண்டார். ஒன்றுமே செய்வதில்லை என்று வருந்திய மனிதர், வழிகாட்டியின் மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தார். தாதியிடமும் அதைச் சொல்லச் சொன்னேன். சர்க்கரை அளவைப் பார்த்து மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எனக்கு வாங்கிய கடிகாரம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் எதை நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதன் அடியில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி எண்ணுகிறது. சைக்கிளில் மணிக்கட்டு மடங்கியிருக்கும், கைப்பிடி அதிரும். கடிகாரம் தளர்வாக இருந்தால் கணக்குத் தடுமாறும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, சற்று இறுக்கமாகக் கட்டினால் நல்லது. துல்லியம் வேண்டுபவர்கள் மார்பில் கட்டும் பட்டைக்குப் போகிறார்கள். அது இதயத்தின் மின்குறிப்பையே அளக்கிறது.

நம் தோல் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோலில் உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் மருத்துவமனை விரல் கருவிகளைப் பற்றி 2020ல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஆக்சிஜன் குறைந்திருப்பதை அந்தக் கருவிகள் கவனிக்கத் தவறியது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். மருத்துவமனைக் கருவிக்கே அப்படி என்றால், கைக்கடிகாரம் காட்டும் ஆக்சிஜன் எண்ணை வைத்து நிம்மதி அடையவோ பதறவோ வேண்டாம் என்று நான் முடிவெடுத்தேன்.

கலோரியைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 2017ல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தது. ஆறு கருவிகள் இதயத்துடிப்பை ஓரளவு சரியாகச் சொல்லின. கலோரியை ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. மிகச் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடு தவறியது, மிக மோசமானது 93 விழுக்காடு. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கலாம். ஆனாலும் ‘420 எரித்தாய்’ என்று கடிகாரம் சொன்னதை நம்பி இரண்டு முட்டைப் பரோட்டா சாப்பிட்ட நாள்களை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

தூரமும் வேகமும் மட்டும் போதும் என்றால், சக்கரத்தில் சிறு காந்தம் பொருத்தி எண்ணும் சாதாரண மீட்டரே போதும். சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகப் பதிந்துவிட்டால் அது பிசகுவதில்லை. ஜிபிஎஸ், உயரமான வீவக புளோக்குகளுக்கு இடையே குறிப்பு எதிரொலிப்பதால், நான் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை வழியாகச் சைக்கிள் ஓட்டியதாக வரைபடம் காட்டும். நடைபாதையில் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிளோட்டப் பாதையில் 25. நடைபாதையில் பத்தைத் தாண்டுவது எவ்வளவு சுலபம் என்பதை மீட்டர் பொருத்திய பிறகுதான் உணர்ந்தேன். எண்ணைப் பார்க்கத் திறன்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

செயலிகளில் பயணத்தைப் பகிர்வதற்கு முன் ஒரு கதை. ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் உலகமெங்கும் தன் பயனாளர்கள் ஓடிய, ஓட்டிய தடங்களைச் சேர்த்து ஒளிரும் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர், பாலைவனங்களுக்கு நடுவே தனியாக ஒளிர்ந்த கோடுகள் ராணுவ முகாம்கள் என்பதைக் கண்டு சொன்னார். முகாமுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் அவை. ராணுவத்துக்கே அப்படி என்றால், தினமும் ஒரே புளோக்கின் கீழே தொடங்கி அங்கேயே முடியும் என் பயணக் கோட்டைப் பார்ப்பவருக்கு என் வீடு தெரியாதா? தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். தேசிய சேவையில் இருக்கும் தம்பிகளும்தான்.

இப்போது ஞாயிறு இரவுகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று கேபிள்கள் தொங்குகின்றன: அப்பாவின் முன்விளக்கு, பின்விளக்கு, என் கடிகாரம். திங்கட்கிழமை காலை 6.15க்கு எனக்கு விழிப்பு வந்தால் தாழ்வாரத்தில் நின்று பார்ப்பேன். ஒன்பதாவது மாடியிலிருந்து, அவர் முச்சந்தியில் திரும்பும்வரை சிவப்புப் புள்ளி தெரிகிறது.

விளக்கு 32 வெள்ளி என்றதும், “ஒரு சிவப்பு லைட்டுக்கா?” என்று கேட்டார். கடிகாரத்தின் விலையைக் கேட்டபோது பாதியைத்தான் சொல்லியிருந்தேன். இந்தப் பக்கத்தை அவர் படிப்பார் என்பதால், இனி முழு விலையும் தெரிந்துவிடும்.